கறுப்பு ஏரிக்கு இரண்டு மணி நேரம்

ஜூன் 11, செவ்வாய்

ஏரிப் பாதையில் ஆஃப்ராவின் மேய்ச்சல் குடிசை வரைக்கும் பனி விலகிவிட்டது. இன்று பாதையோரப் பாறைகளில் வழி காட்டும் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டை அடித்தேன். மொத்தம் முப்பத்தேழு பாறை, ஒரு கால்சட்டை. இனி என் பின்பக்கத்தைப் பார்த்தே யாரும் கறுப்பு ஏரிக்கு வழி கண்டுபிடிக்கலாம்.

பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் நிற்கும், நடை நேரம் காட்டும் மஞ்சள் பலகையில் இந்த வருடமும் எவனோ கைவரிசையைக் காட்டியிருக்கிறான். ‘கறுப்பு ஏரி — 2 மணி’ என்பதற்குக் கீழே பேனாவால் ‘கழுகுக்கு’. இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. போன வருடம் ‘ஹெலிகாப்டரில்’. அதற்கு முந்தின வருடம் ‘செத்த பிறகு, ஆவியாக’. தின்னர் போட்டுத் துடைத்தேன். வெளியூர்க்காரர்கள் ஹோட்டலில் மூன்று தட்டு தின்றுவிட்டு, பன்னிரண்டரை மணி பஸ்ஸில் ஆடி அசைந்து வந்து இறங்கி, ரெண்டு கையிலும் குச்சியை ஊன்றிக்கொண்டு ஆமை மாதிரி ஏறுவார்கள். குற்றம் மட்டும் பலகை மேல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த பஸ்ஸை ஓட்டுவது என் புருஷன்தான். நாள் பூரா அங்கே வந்து போகிறவனுக்கு எழுதியது யார் என்று தெரியாமலா இருக்கும்? கேட்டேன். “போன வருஷத்துது இன்னும் நல்லா இருந்துச்சு” என்றான் வின்சென்ஸ். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 14, வெள்ளி

வலது முட்டி இன்று பேசியது. நான் பதில் சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

ஆயிரம் மீட்டருக்கு மேல் எங்கள் பக்கம் ‘நீங்கள்’ கிடையாது. மந்திரியே ஏறி வந்தாலும் ‘நீ’தான். பல் வைத்தியர் ஏகோனின் கிளினிக் எண்ணூற்றுத் தொண்ணூறு மீட்டரில் இருக்கிறது. பாதையையும் பலகையையும் என்னிடம் ஒப்படைத்திருக்கும் மலைச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். சங்கத்துப் பேச்சை எல்லாம் அவர் கிளினிக்கிலேயே ஏன் வைத்துக்கொள்கிறார் என்று யோசித்தால் புரியும்.

இன்று கடைவாய்ப் பல்லுக்காகப் போனேன். வாய்க்குள் ரெண்டு கருவியும் ஒரு பஞ்சும் போன பிறகு ஆரம்பித்தார். “போன கோடையில பத்தொன்பது புகார், நோட்பூர்கா. எல்லாமே உங்க ரெண்டு மணி நேரத்தைப் பத்திதான்.” பூர்கா என்று சுருக்காமல் என் முழுப் பெயரையும் சொன்னால் விஷயம் பெரிது. நான் “ஆ” என்றேன். செப்டம்பர் 15க்குள் ஏரிப் பாதையை மறுபடி அளக்க வேண்டுமாம். புதுப் பலகை எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யக் கொடுக்கிறார்களாம். இன்னொரு “ஆ”. உங்களுக்கு முடியாவிட்டால் சொல்லுங்கள், அடுத்த பள்ளத்தாக்கில் பாதை பார்க்கும் ஹெட்விக் அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். அதற்கு நான் சொன்னது பஞ்சைத் தாண்டி வரவில்லை. வந்திருந்தால் இன்றோடு சங்கத்திலிருந்து நீக்கியிருப்பார்கள்.

அப்புறம் துப்பச் சொன்னார். துப்பினேன். முழுவதும் தொட்டிக்குள்தான் விழுந்தது என்று சத்தியம் செய்ய முடியாது.

ஜூலை 6, சனி

ஹெட்விக்காம். அவள் அளந்து நாங்கள் நடக்க வேண்டுமாம்.

இந்த ஊரில் மனிதனுக்கு வயது, சொத்து, படிப்பு எதுவும் கேட்க மாட்டார்கள். எந்த மலையை எவ்வளவு நேரத்தில் ஏறினான் என்று கேட்பார்கள். லோரென்ஸ் கிழவன் செத்தபோது கல்லறைக் கல்லில் ‘பெரிய கொம்பு, 1 மணி 48’ என்று செதுக்க வேண்டும் என்றது குடும்பம். கடவுளுக்கு அதெல்லாம் கணக்கில்லை என்றார் பாதிரியார். கல்லின் பின்பக்கம் செதுக்கிவிட்டார்கள். இப்போது கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவன் எல்லாம் லோரென்ஸைப் பின்பக்கமாகப் போய்த்தான் கும்பிடுகிறான்.

1994இல் எனக்கு இருபத்தெட்டு. புதுப் பலகைக்காக ஏரிப் பாதையை அளக்க வேண்டியிருந்தது. ஹெட்விக் ரெண்டேகாலில் போனதாக அந்த வாரம்தான் சந்தையில் பீற்றிக்கொண்டிருந்தாள். நான் விடியற்காலையில் கிளம்பினேன். சரியாக ரெண்டு மணி நேரம். அதில் பொய் எதுவும் இல்லை. ஓடினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது எந்தச் சட்டத்தில் குற்றம்?

இறங்குவதற்கு ஒன்றரை என்று எழுதினேன். அதிலும் ஓட்டம்தான்.

ஜூலை 19, வெள்ளி

ஹோட்டல் சலவை அறையில் லீவு சொல்லிவிட்டு, கடிகாரத்தோடு போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மணி ஐந்து நிமிடம்.

சரி, நிதானமாகக் கழித்துப் பார்ப்போம். சாய்ந்திருந்த வழிக்கம்பை நிமிர்த்தியது, ஒன்பது நிமிடம். அது நடையில்லை, வேலை. பாதையில் படுத்திருந்த பசுவோடு நடந்த பேச்சுவார்த்தை, ஆறு நிமிடம். ஆஃப்ரா கொடுத்த மோர், பத்து. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள். அவள் பேசினது, பதினொன்று. சப்பாத்துக் கயிறு, ரெண்டு. வலது முட்டி, அது தனி ஆள், அதன் நேரத்தை என் கணக்கில் எழுதக் கூடாது. அதற்கு இருபது.

ரெண்டு மணி ஏழு நிமிடம் வருகிறது. மிச்சம் ஏழையும் மாட்டின் தலையில் கட்டலாம்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. எனக்கு மீசை கூட இல்லை.

ஜூலை 20, சனி

ஏகோனுக்குக் கடிதம் போட்டேன். ‘அளந்தாயிற்று. 2 மணி. மாற்றமில்லை.’

ஆகஸ்ட் 8, வியாழன்

வின்சென்ஸ் தினமும் தாமதமாக வருகிறான். கடைசி பஸ் மேலிருந்து ஐந்து பத்துக்குக் கிளம்ப வேண்டும். வண்டியை விட்டுவிட்டு ஆறு பத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும். வருவது ஆறு நாற்பதுக்கு. கோடை வந்தாலே இந்தக் கூத்துதான். டிராஃபிக் என்கிறான். இந்த ஊரில் டிராஃபிக் என்றால் ரெண்டு டிராக்டரும் ஒரு சவ ஊர்வலமும்.

வேறு யாராவது இருக்கிறாளோ என்று இன்று உருளைக்கிழங்கு உரிக்கும்போது யோசித்தேன். கடைசி நிறுத்தத்தில் இருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கழிவறை, என் பலகை. மூன்றில் எதோடு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

பஸ் கம்பெனியிலிருந்து கடிதம். அவன் பெயருக்கு வந்ததை நான் பிரித்தேன். பிரித்தது தப்புதான், போகட்டும்.

இந்த வருடம் பஸ்ஸில் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். வண்டி எப்போது நிற்கிறது, எப்போது கிளம்புகிறது எல்லாம் அது எழுதிக்கொள்ளுமாம். ஐம்பத்தெட்டு நாளில் நாற்பத்தொரு நாள் கடைசி பஸ் அரை மணி நேரம் வரை தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. விசாரணையில் ஓட்டுநர் ‘சாலையில் மாடுகள்’ என்று பதில் சொன்னார், ஏற்கப்படவில்லை. இது எச்சரிக்கை. இன்னொரு முறை நடந்தால் வேலையிலிருந்து நீக்கம்.

பென்ஷனுக்குப் பதினாலு மாதம் இருக்கிறது அவனுக்கு.

வந்ததும் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டேன், அங்கே அரை மணி நேரம் என்ன செய்கிறாய் என்று. கை கழுவினான். உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்தான்.

“காத்துட்டிருக்கேன்.”

“யாருக்கு?”

“உன் பலகைய நம்பிப் போனவங்களுக்கு” என்றான். “பன்னெண்டரைக்கு எறங்குறாங்க. ஏற ரெண்டு, எறங்க ஒன்றரை, ஏரிக்கரையில ஒரு மணி நேரம், அஞ்சு மணிக்கு வந்துடலாம்னு கணக்குப் போட்டுட்டுப் போறாங்க. அஞ்சரைக்கு மேல நாக்குத் தள்ளி வர்றாங்க. விட்டுட்டு வரச் சொல்றியா? ஒன்பது கிலோமீட்டர் பூர்கா, ரோட்டுல.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். இந்த லைனுக்கு வந்த நாளிலிருந்து என்றான். பதினாறு வருடம். இத்தனை வருடம் பெட்டி இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ பலகைய மாத்த மாட்ட. என்னைத்தான் மாத்துவ.”

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோபம் கோபமா வருது. யார் மேலன்னு தெரியல. நான் கேட்டேனா, எனக்காகக் காத்திருன்னு? பதினாறு வருஷம் ஆறிப்போன சாப்பாட்டைத் தின்னுட்டு டிராஃபிக்குன்னு பொய் சொல்லிட்டு — பெரிய தியாகி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா —

சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே, பூர்கா? உண்மையை எழுது. இது உன் நோட்டுதான், ஏகோன் படிக்கப் போறதில்ல.

கத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று ஐந்து பத்துக்குச் சரியாகக் கிளம்பிவிட்டான். ஆறு பத்துக்கு வீட்டில். சாப்பாடு சூடாக இருந்தது. தொடவில்லை.

ஒரு டச்சுக் குடும்பம், ரெண்டு குழந்தைகள். பஸ் கிளம்பும்போது கடைசி வளைவில் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்களாம். கண்ணாடியில் பார்த்தானாம்.

காரை எடுத்துக்கொண்டு போனேன். சாலை ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். சின்னவள் அப்பன் தோளில் தூங்கிவிட்டாள். ஏற்றிக்கொண்டு வந்து ஹோட்டல் வாசலில் இறக்கினேன். ரொம்ப நல்லவர் நீங்கள் என்றாள் தாய். என் பெயரைக் கேட்டாள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

பலகையை மாற்றாமலே ஒரு வழி இருக்கிறது என்று இன்று காலை வரை நினைத்தேன். ஏகோனுக்குக் கடிதம் போட்டாயிற்று, ரெண்டு மணி என்று கையெழுத்தோடு. இப்போது மாற்றினால் பொய்க்காரி ஆவேன். ஹெட்விக் அதைச் சந்தையில் தக்காளியோடு சேர்த்து விற்பாள். அதனால் ஆஃப்ராவிடம் போனேன். குடிசையில் சாப்பிட வருகிறவர்களிடம் ‘கொஞ்சம் கூடுதலாக ஆகும்’ என்று ஜாடையாகச் சொல்லி வை என்று கேட்கத்தான்.

ஆஃப்ரா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள்.

“அதத்தான்டி பன்னெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். போர்டுல போட்டதோட அதுல பாதியையும் மேல கூட்டிக்கோங்கன்னு. ஹோட்டல்லயும் அதான் சொல்றாங்க. டூரிஸ்ட் ஆபீஸ்லயும். பாதிரியாரு கூட ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாசல்ல நின்னு சொல்றாரு. கேக்காம நேரா பஸ் ஏறுறவங்கதான் மாட்டிக்கிறாங்க.”

பாதிரியாருமா!

“ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லல?”

“உங்கிட்டயா?” என்றாள். அப்புறம் ஒரு தட்டு நிறையப் பிய்த்துப் போட்ட முட்டைப் பணியாரத்தைச் சர்க்கரை தூவி என் முன்னால் வைத்துவிட்டாள். பேச்சை மாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஊரில் எனக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நொண்டிக் குதிரைக்கு வழி விடுவதுபோல விட்டிருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. பணியாரத்தை முழுவதும் தின்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

தினமும் சாயங்காலம் காரோடு மேலே போகிறேன். பஸ்ஸை விட்டவர்களை அள்ளிக்கொண்டு வருகிறேன். இது பதினாறாவது நாள். வின்சென்ஸ் இறங்கும்போது, நான் ஏறும்போது, பாலத்தில் எதிரெதிரே வருவோம். அவன் விளக்கை ஒரு தரம் அடிப்பான். நானும் அடிப்பேன். இப்போதைக்கு எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான்.

இன்று பின் சீட்டில் வியன்னாவிலிருந்து ஒரு அம்மாள், ஓய்வு பெற்ற நீதிபதி. அந்த நேரத்தைப் பலகையில் போட்டவன் ஒன்று குடிகாரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மலையாடாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ரெண்டும் இல்லை, அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது என்றேன். இப்போது என்ன வயது என்றார். ஐம்பத்து மூன்று.

“அப்படியானா மேல்முறையீடு பண்ணச் சொல்லுங்க” என்றார்.

செப்டம்பர் 11, புதன்

வின்சென்ஸுக்கு வார விடுமுறை. காலையில் காபி வைத்துக்கொண்டே சொன்னேன், இன்று ஏரிக்கு வருகிறாய் என்று. இத்தனை வருடமாக ஆட்களை அங்கே கொண்டு விடுகிறவன் ஒரு நாளும் ஏறியதில்லை. சக்கரம் இல்லாத பயணம் பாவம் என்பது அவன் மதம். எதற்கு என்றான். எனக்கு ஒரு சாதாரண மனுஷன் வேண்டும், நீதான் கைக்குக் கிடைக்கிறாய் என்றேன். தொப்பையைத் தடவிக்கொண்டு யோசித்தான். அப்புறம் சப்பாத்தைத் தேடினான்.

பதினொன்று முப்பத்தைந்துக்குப் பலகையடியில் கடிகாரத்தை அமுக்கினேன். இந்த முறை எதையும் கழிப்பதில்லை என்று முடிவு. மோர் கணக்கில் உண்டு. பசு கணக்கில் உண்டு. அவன் பாறைக்குப் பாறை உட்கார்ந்து என் வெள்ளைப் பட்டை கோணலாக இருக்கிறது என்று சொன்ன நேரமும் உண்டு. என் முட்டி உண்டு. முதல் முறையாக அதை அவனிடம் சொன்னேன், வலிக்கிறது என்று. “தெரியும்” என்றான். “பஸ் படியில ஏறுறப்ப பாப்பேன்ல.”

மூன்று மணி இருபது நிமிடம்.

ஏரி எப்போதும் போல் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. பெரிய கொம்பு மலை தலைகீழாக அதற்குள் நின்றது. வின்சென்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான்.

“இதுதானா?” என்றான்.

தண்ணீருக்குள் தள்ளியிருப்பேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு பேரும் விடாமல் சிரித்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மன் தம்பதி எழுந்து தள்ளிப் போனார்கள்.

கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினோம். இறக்கத்தில் என் முட்டி அவன் தொப்பையைவிட மோசம். கடைசி வளைவுக்கு வந்தபோது கீழே பஸ் நின்றது, மாற்று ஓட்டுநரோடு. மணி ஐந்து பத்து. கையை ஆட்டினேன். வலது விளக்கு சிமிட்டியது. கதவு சாத்திக்கொண்டது. பஸ் போயிற்று.

வின்சென்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றான். “நல்ல டிரைவர்” என்றான்.

காரை வீட்டில் விட்டிருந்தேன். ஒன்பது கிலோமீட்டர். பாலம் வரைக்கும் நடந்தோம். அப்புறம் சொன்னேன், மன்னித்துக்கொள் என்று. கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவனிடம் நான் அதைச் சொன்னது ரெண்டாவது தடவை. முதல் தடவை அவன் காலில் கோடாலியைப் போட்டபோது.

அவன் நடந்துகொண்டே சொன்னான்.

“அந்த அரை மணி நேரம்தான் பூர்கா நாள் பூராவுல எனக்குன்னு இருந்துச்சு. இஞ்சின அணைச்சுட்டு உக்காந்திருப்பேன். யாரும் மணி அடிக்க மாட்டாங்க. எங்க நிக்கும்னு யாரும் கேக்க மாட்டாங்க. மலை, நானு, உன் பலகை. மோசமில்ல.”

எனக்கு அழுகை வந்தது. முட்டி வலி என்று சொன்னேன். நம்பின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டான்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஏகோனுக்கு போன் செய்து கடைசி நிறுத்தத்துக்கு வரச் சொன்னேன். கிளினிக்கிலேயே பேசலாமே என்றார். ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீட்டரில்தான் பேசுவேன் என்றேன். மத்தியானம் காரில் வந்தான். ஆமாம், வந்தான்.

“ஜூலையில நான் எழுதுனது பொய், ஏகோன். 94ல எழுதுனதும் பாதிப் பொய். மூணு மணி இருபது. பலகையில மூணேகால்னு போடு. இறங்க ரெண்டு. என்னைத் தூக்கணும்னா தூக்கிக்கோ, ஹெட்விக்குக்குக் குடு.”

ஏகோன் பலகையைப் பார்த்தான். சப்பாத்து நுனியால் ஒரு கல்லைத் தள்ளினான். நான் எதிர்பார்த்த பிரசங்கம் வரவில்லை.

“நானும் எம்பொண்டாட்டியும் போன வருஷம் போனோம்” என்றான். “நாலு மணி நேரம் பூர்கா. வெக்கமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல.”

பத்தொன்பது புகாரில் ஒன்று அவனுடையதாம். வேறு பெயரில்.

அக்டோபர் 5, சனி

புதுப் பலகை வந்துவிட்டது. நாலு திருகாணி, காலையிலேயே மாட்டினேன். ‘கறுப்பு ஏரி — 3¼ மணி’. நான் நினைத்த அளவுக்கு அசிங்கமாக இல்லை. ஹெட்விக் தன் பள்ளத்தாக்கில் மூன்று பலகையைத் திருத்தச் சொல்லி மனு கொடுத்திருக்கிறாளாம், ஏகோன் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. மனதுக்குள் ஒரு சின்ன நடனம் மட்டும் ஆடினேன், முட்டி அனுமதித்த அளவுக்கு.

பழைய பலகையை வீட்டில் கழிவறைக் கதவில் மாட்டிவிட்டேன். வின்சென்ஸ் செய்தித்தாளோடு உள்ளே போனான். ‘2 மணி’ என்பது இங்கே சரியான கணக்கு என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

அப்புறம் மேலே போய் மழை அடித்துச் சாய்த்த ரெண்டு வழிக்கம்பை நிமிர்த்திவிட்டு ஐந்து மணிக்கு இறங்கினேன். பலகையில், 3¼ மணிக்குக் கீழே, ‘நத்தைக்கு’ என்று எழுதியிருந்தது. மாட்டி ஒரு நாள் முடியவில்லை.

தின்னர் டப்பாவை எடுத்தேன். துணியை எடுத்தேன். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.

காலையில் சமையல் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது, ‘ரொட்டி தீர்ந்துவிட்டது’ என்று. அதுவும் இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. எங்கள் வீட்டுத் துண்டுச் சீட்டு எல்லாமே இருபத்தேழு வருடமாக இடப்பக்கம்தான் சாய்கிறது.

திருட்டு நாய். கழுகு, ஹெலிகாப்டர், ஆவி. அரை மணி நேரமும் சட்டைப் பையில் ஒரு பேனாவும் இருந்தால் வேறு என்ன செய்வான்?

திரும்பிப் பார்த்தேன். பஸ் நின்றது. ஐந்து மணி ஆறு நிமிடம். போனவர்கள் எல்லோரும் முன்னாலேயே வந்து சீட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவன் கண்ணாடியைப் பார்த்து மீசையைச் சீவிக்கொண்டிருந்தான்.

தின்னரைப் பைக்குள் போட்டேன். ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் என் கையிலிருந்த துணியைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். துணியையும் பைக்குள் திணித்தேன். ஐந்து பத்துக்குக் கிளம்பினோம்.